ருசியில்லாத தண்ணீர்

அத்தியாயம் 7

"ஏனுங்க மேடம், எனக்கொரு சந்தேகமுங்," என்றான் வெள்ளியங்கிரி, அவிநாசி ரோட்டில் ஒரு பஞ்சு லாரியை உரசாத குறையாக பியட் காரை ஒடித்தபடி. "பூனைக்கண்ணு இருந்தா அப்பன் வேறன்னா, நம்ம தெருவுல திரியற பூனைக்கெல்லாம் யாருங்க அப்பன்?"

துப்பறியும் சாஜிதா பேகம் சிரிக்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வெள்ளியங்கிரிக்குப் பின் சீட்டின் ஞாபகம் வந்தது. கண்ணாடியில் பார்த்தான். சண்முகப்பிரியா அங்கேதான் இருந்தாள். மடியில் அவளுடைய மூன்று வயது மகள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பூனைக்கண்கள் இப்போது மூடியிருந்தன.

வெள்ளியங்கிரி நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்க அம்மணி. வாய் நிக்க மாட்டேங்குது."

"பரவாலைங்கண்ணா," என்றாள் பிரியா. "எங்க ஊட்டுல அதையே எல்லாரும் சிரிக்காம கேட்டாங்க. நீங்க சிரிச்சுட்டாவது கேக்கறீங்க."

வெள்ளியங்கிரியின் காது மடல் சிவந்தது. பிறகு பீளமேடு வரை அவன் ஹாரனை மட்டுமே பேச விட்டான்.

விஷயம் இதுதான். கருமத்தம்பட்டி அரங்கசாமி என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. தோட்டம், தென்னை, அதற்கு மேல் ஒரு கூடம் நிறைய விசைத்தறி. அவருடைய ஒரே மகன் தண்டபாணியின் மனைவிதான் பிரியா. பேத்தியின் காதுகுத்து அன்று யாரோ ஒரு சொந்தக்கார அம்மா, "இந்தக் கண்ணு யாரு சாடைங்க, நம்ம பக்கத்துல இப்படி இல்லையே?" என்று கேட்டுவைத்தாள். கேட்டவள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். கேள்வி போகவில்லை. அரங்கசாமி மகன், மருமகள், பேத்தி மூன்று பேரையும் வம்சா லேபுக்கு ஓட்டிக்கொண்டு போனார். டி.என்.ஏ. பார்த்து, தண்டபாணி இந்தக் குழந்தைக்குத் தகப்பன் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அன்றைக்கே பிரியாவைத் துணிப்பையோடு வெள்ளகோவிலில், அவள் அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள்.

இன்று சாயங்காலம் இரண்டு பக்கத்து உறவும் அரங்கசாமி வீட்டில் கூடுகிறது. கூடினால் கல்யாணத்தையே முறித்துத் தீர்த்துவிடுவார்கள். அதன்பிறகு இந்தக் குழந்தைக்கு ஊரில் என்ன பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாஜிதாவைக் குடைந்துகொண்டிருந்தது இன்னொன்று. முந்தாநாள் ஒப்பணக்கார வீதி மாடியில் இருக்கும் அவளுடைய ஆபீஸுக்கு பிரியா வந்து ரிப்போர்ட்டை நீட்டினாள். சாஜிதா அதை வாசித்துவிட்டு முதல் கேள்வியாக, "யாரும்மா அது?" என்று கேட்டாள். பிரியா அழவில்லை. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நீங்களும்தானுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனாள். சாஜிதா படியிறங்கி ஓடி, வீதியில் வைத்து அவள் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்தாள். ஊருலகத்தை சந்தேகப்பட்டே சோறு தின்கிறவள், ஒரு காகிதத்தை மட்டும் சந்தேகப்படாமல் விட்டிருக்கிறாள். அதிலிருந்து பிரியாவின் முகத்தை நேராகப் பார்க்க அவளுக்குக் கூசியது.

அதற்கப்புறம்தான் ரிப்போர்ட்டின் பின்னால் குத்தியிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். மலை மலையாக வரிசை. மற்ற மலையெல்லாம் கொஞ்சம் மழுங்கித்தான் நின்றன. தண்டபாணியின் மலை ஒன்று மட்டும் தின்று கொழுத்த மாதிரி அகலமாக இருந்தது. கையில் இருந்த ஒரே தடயம் அந்தத் தொப்பைதான்.

வம்சா லேப் வாசலில் கார் நின்றது.

"நான் வரலைங்க," என்றாள் பிரியா. "அன்னைக்கு உக்காந்த பெஞ்சைத் திரும்பப் பாக்க முடியாதுங்க. நீங்க போயிட்டு வாங்க."

சாஜிதா தலையாட்டிவிட்டு இறங்கினாள்.

*

லேபை நடத்தும் டாக்டர் மயில்சாமிக்கு அந்த டி.என்.ஏ. மெஷின் மேல் இருந்த பாசம், கல்யாணமான புதிதில் மனைவி மேல் இருந்திருந்தால் ஆச்சரியம். ஏ.சி. அறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அதைக் காட்டும்போது குரலையே தாழ்த்திக்கொண்டார்.

"தலைமுடி கனத்துக்குக் கண்ணாடிக் குழாய் இருக்குதுங்க. உள்ள பாகு மாதிரி ஒண்ணு ஏத்தியிருக்கோம். ஒரு முனையில டி.என்.ஏ. துண்டுகளை விட்டு கரண்ட் குடுத்தா, எல்லாம் மறு முனைக்கு ஓடும். குட்டைத் துண்டு முன்னால வரும், நெட்டைத் துண்டு பின்னால வரும். வர்றப்ப வெளிச்சம் போட்டுப் பார்த்து மலையா வரையும்."

"பஸ்ஸுல எடம் புடிக்க ஓடறாப்பலன்னு சொல்லுங்," என்றான் வெள்ளியங்கிரி. "குட்டையா இருக்கறவன் சந்துல பூந்து மொதல்ல ஏறிப்போடுவான்."

டாக்டருக்கு அந்த உவமை பிடிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை.

"இதை செட் பண்ண எனக்கு ஆறு மாசம் ஆச்சுங்க. எத்தனை சூட்டுல வைக்கறது, எத்தனை வோல்ட், பாகு எவ்வளவு கெட்டி, துண்டை உள்ள இழுக்க எத்தனை நொடி, எல்லாம் மாத்தி மாத்திப் பார்த்துப் புடிச்ச கணக்கு. ஒரு எழுத்து வித்தியாசத்தைக்கூடப் பிரிச்சுக் காட்டும்."

"அப்ப இது என்னங்க டாக்டர்?" சாஜிதா வரைபடத்தை மேசையில் விரித்து அந்தக் கொழுத்த மலையின் மேல் விரலை வைத்தாள்.

டாக்டர் பார்த்தார். பார்த்த வேகத்தில் கண்ணை எடுத்தார். "அது தண்டபாணியோட பத்து."

"பத்துன்னா?"

"அந்த இடத்துல நாலெழுத்து வார்த்தை ஒண்ணு திரும்பத் திரும்ப வரும். ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும். ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு எண்ணிக்கை உண்டு, அப்பா குடுத்தது ஒண்ணு, அம்மா குடுத்தது ஒண்ணு. குழந்தைக்கு ஆறும் ஒன்பதேமுக்காலும். ஆறு அம்மாவுது. அப்ப ஒன்பதேமுக்கால் அப்பாகிட்ட இருந்து வரணும். தண்டபாணிகிட்ட இருக்கறது பத்து மட்டும்தான். ரெண்டு பக்கமும் அதே பத்து வந்தா ஒரே மலைதான் தெரியும்."

"முக்கால் எங்கிருந்துங்க வந்துச்சு? தக்காளி எடை போட்டாப்பல," என்றான் வெள்ளியங்கிரி.

"கடைசி வார்த்தையில ஒரு எழுத்து குறையும். நாலுல மூணு இருந்தா முக்கால்."

சாஜிதா மறுபடி அந்த மலையைப் பார்த்தாள். "ஆக பத்துக்கும் ஒன்பதேமுக்காலுக்கும் நடுவுல ஒரே ஒரு எழுத்து."

"ஆமாங்க."

வெள்ளியங்கிரி எட்டிப் பார்த்தான். "மேடம், இது ஒரு ஆளு படுத்திருக்கற அகலமா? ஒரே போர்வைக்குள்ள ரெண்டு பேர் படுத்திருக்கறாப்பல இல்லீங்க?"

வேடிக்கைக்குத்தான் சொன்னான். ஆனால் டாக்டரின் முகம் கறுத்தது.

சாஜிதா அதைக் கவனித்தாள். "அளவு பார்க்கறதுக்குன்னு ஒண்ணு ஓட்டுவீங்களே, எல்லா எண்ணிக்கையும் வரிசையா இருக்கற மாதிரி? அன்னைக்கு ஓட்டினதைக் காட்டுங்க."

"அளவுகோலுங்களா? அதெதுக்குங்க, அது வழக்கமா..."

"காட்டுங்க டாக்டர்."

அவர் அலமாரியைத் திறந்தார். அன்றைய அளவுகோலில் ஒன்பது தனியாக நின்றது. அதற்கடுத்து ஒன்பதேமுக்காலும் பத்தும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி நடுவில் சுவரோடு நிற்க வேண்டும். சுவரைக் காணோம். இரண்டும் ஒரே மேடாகக் கிடந்தன. மறுநாள் ஓட்டியதைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அதில் இரண்டும் தனித்தனி ஊசி.

"அளவுகோலே அன்னைக்கு அழிஞ்சு போயிருக்கு," என்றாள் சாஜிதா. "தையக்காரன் டேப் நீண்டு போனா சட்டை எப்படிங்க சரியா வரும்?"

டாக்டர் வரைபடத்தின் ஓரத்தை நீவி விட்டார்.

"மத்த இடமெல்லாம் எப்படி?"

"அஞ்சு இடம் ஒத்துப் போச்சுங்க. இந்த ஒண்ணுதான் போகலை."

"அஞ்சு ஒத்துப் போயி, ஒண்ணு போகலை. அந்த ஒண்ணுக்கு அளவுகோல் சரியில்லை. ஏன் திரும்ப ஓட்டலை?"

மயில்சாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி ஏதும் இல்லை. "வெளியில அந்த அரங்கசாமி உக்காந்திருந்தாருங்க. ஒரு வேன் நிறைய சொந்தம் வேற. 'என்னங்க டாக்டரே, மெசினு முடிச்சுதா இல்லையா'ன்னு கதவைத் தட்டிட்டே இருந்தாரு. மெஷின் புதுசு. திரும்ப ஓட்டறேன்னு சொன்னா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? வெக்கமா இருந்துச்சுங்க."

"உங்களுக்கு வந்த வெக்கத்தை அந்தப் புள்ளை தலையில கட்டிட்டீங்க," என்றாள் சாஜிதா. சொன்ன மறுகணம் தன்னுடைய முதல் கேள்வியும் ஞாபகம் வர, குரல் இறங்கிவிட்டது. "சரி. அன்னைக்கு மட்டும் ஏன் இப்படி? என்ன மாறுச்சு?"

"எதுவுமே மாறலைங்க. அதே சூடு, அதே வோல்ட். ஒண்ணே ஒண்ணு, அன்னைக்கு மெஷின் வழக்கத்தைவிடக் கரண்ட் ஜாஸ்தி இழுத்துச்சு. லைன்ல ஏதோ கோளாறுன்னு விட்டுட்டேன்."

"வோல்ட் நீங்க வெச்சதுதானே? அப்புறம் கரண்ட் மட்டும் எப்படி ஏறும்?"

"கரைசல்ல உப்பு ஏறினா ஏறும். உப்பு ஏறினா கரண்ட் ஏறும், குழாய் உள்ளுக்குள்ள சூடாகும், துண்டெல்லாம் கலைஞ்சு மலை பரந்துபோகும். ஆனா உப்பு எப்படிங்க ஏறும்? சுத்தமான டிஸ்டில்டு வாட்டர்லதான் கலக்கறோம். பெரியநாயக்கன்பாளையத்துல இருந்து சீல் வெச்ச கேன்ல வருது."

*

கதவு திறந்தது. லேபில் கூட்டிப் பெருக்கி, பாத்திரம் கழுவி, வருகிறவர்களைக் கவனிக்கிற பாப்பாயி, தட்டில் மூன்று டம்ளர் தண்ணீரோடு வந்தாள்.

"வந்தவங்களுக்குத் தண்ணி கூடக் குடுக்காம பேசிட்டே இருக்கறீங்களே டாக்டரு. குடிங்க கண்ணு, வெயிலுக்கு நல்லா இருக்கும்."

வெள்ளியங்கிரி ஒரே மூச்சில் கவிழ்த்தான். குடித்து முடித்ததும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு காலி டம்ளரை உள்ளே பார்த்தான். "ஏனுங்க பாப்பாயிக்கா, தண்ணிய எங்க வாங்குனீங்க? சப்புனு இருக்குது. தண்ணி குடிச்ச நெனப்பே வரலை."

சாஜிதா தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். வாயிலேயே சற்று வைத்திருந்தாள். கோயமுத்தூரில் பிறந்த நாக்கு அது. சிறுவாணி அணைத் தண்ணீர் என்றால் முதல் சொட்டிலேயே இனிப்பு தெரியும். ஆழ்குழாய் போர் தண்ணீர் என்றால் உப்பு அடிநாக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இதில் இரண்டும் இல்லை. ஒன்றுமே இல்லை.

"டாக்டர், இங்க குழாய்ல நல்ல தண்ணி எப்ப வந்துச்சு?"

"அதையேன் கேக்கறீங்க. சிறுவாணி வத்திக் கிடக்குது. ரெண்டு வாரமா இந்தப் பக்கம் சொட்டு வரலை. போர் தண்ணிதான். நான் குடிக்க ஊட்டுல இருந்து பாட்டில்ல கொண்டுட்டு வந்தர்றேன்."

"போர் தண்ணி உப்புத்தானே?"

"பல்லு விளக்க முடியாதுங்க."

சாஜிதா டம்ளரை மேசையில் வைத்தாள். "அப்ப இது என்ன தண்ணி பாப்பாயிக்கா?"

பாப்பாயி தட்டைச் சுவரோரம் வைத்தாள். அவள் டாக்டரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. கடகடவென்று பின்னறைக்கு ஓடினார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். ஜன்னலோரம் மெஷினுக்கான கரைசல் கலக்குகிற மேடை. அதன்கீழ் டிஸ்டில்டு வாட்டர் என்று இங்கிலீஷில் எழுதி ஒட்டிய வெள்ளைக் கேன். மூடி சரியாக மூடாமல் இருந்தது. பக்கத்தில் ஒரு சொம்பு.

"இதுல இருந்தா மோந்து குடுத்தே?" டாக்டரின் குரல் கீச்சென்று வந்தது.

"இன்னைக்கு மூணு டம்ளருதானுங்க. இன்னும் ரொப்பலைங்க," என்றாள் பாப்பாயி.

அந்த ஒரு வார்த்தையில் சாஜிதா நின்றுவிட்டாள். "ரொப்பலைன்னா? மத்த நாள் ரொப்புவீங்களா அக்கா?"

பாப்பாயி சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். சாஜிதா அவசரப்படுத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள்.

"ஒருக்காத்தானுங்க. அந்தக் கருமத்தம்பட்டிக்காரங்க வந்த அன்னைக்கு. வேன் நெறையா ஆளுங்க. குழாய்ல தண்ணி இல்லை. என்ன பண்றது, போர் தண்ணியவே மோந்துட்டுப் போயி பெரியவருக்கு மொதல்ல குடுத்தனுங்க. ஒரு வாய் வெச்சாரு. அப்புடியே நான் தொடச்ச தரையில துப்பிப்போட்டாரு. 'ஏனுங்கம்மா, இத்தனை பெருசா கட்டி வெச்சிருக்கீங்க, ஊடு தேடி வந்த மனுசனுக்கு நல்ல தண்ணி குடுக்க வக்கில்லையா? இதைக் கொண்டுபோயி மாட்டுக்குக் காட்டுங்க'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க கண்ணு. எங்கூட்டுக்கு எதிரியே வந்தாலும் நான் உப்புத் தண்ணி குடுத்தவ இல்லை. எனக்கு அப்புடியே பூமிக்குள்ள போயிரலாம்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"இந்தக் கேனு ஞாபகம் வந்துச்சுங்க. மழைத் தண்ணியாட்டம் பளபளன்னு இருக்குமுங்க. இதை மோந்து குடுத்தேன். 'இதை மொதல்லயே குடுத்திருக்கலாமில்ல'ன்னு குடிச்சாரு. அத்தனை பேரும் குடிச்சாங்க. டிரைவரு பாட்டில்ல வேற புடிச்சுக்கிட்டாரு. பாத்தா கேனு பாதி கூட இல்லை. டாக்டரு கலக்க வந்து கேட்டா என்ன சொல்றதுன்னு பயந்துக்கிட்டு, போர் தண்ணியப் புடிச்சு மேல வரைக்கும் ரொப்பி வெச்சுப்போட்டனுங்க. அந்தக் கேனு அன்னைக்கே தீந்துருச்சு, இது மறுநாளு உடைச்ச புதுக் கேனுங்க."

டாக்டர் தலையில் கை வைத்தார். "உனக்கு அறிவிருக்குதா பாப்பாயி? ஒரு குடும்பமே..."

"டாக்டர்." சாஜிதா குரலை உயர்த்தவில்லை. "அவங்க ரொப்பினது தண்ணி. கையெழுத்துப் போட்டது நீங்க. அளவுகோல் அழிஞ்சு கிடந்ததை அன்னைக்கே பார்த்தீங்களா இல்லையா?"

டாக்டர் தலையிலிருந்து கையை எடுத்தார். "பார்த்தேன்."

"சீல் உடைக்காத கேன் இருக்கா?"

"இருக்குங்க."

"மூணு பேரோட துண்டும்?"

"பிரிட்ஜுல பத்திரமா இருக்குதுங்க."

"அப்ப திரும்ப ஓட்டுங்க. வெக்கப்படாம ஓட்டுங்க."

*

புதுக் கேனை உடைத்து, கரைசலைப் புதிதாகக் கலந்து, குழாயைக் கழுவி, முதலில் அளவுகோல், பின்னாலேயே மூன்று பேருடைய துண்டுகளும் என்று ஒவ்வொன்றாக ஓட விட்டார் டாக்டர். கரண்ட் முள் இந்தத் தடவை தன் இடத்தில் அடக்கமாக நின்றது. பாப்பாயி கதவோரம் குந்தி உட்கார்ந்து, கும்பிடவும் தோன்றாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளியங்கிரி வெளியே போய் பிரியாவுக்கும் குழந்தைக்கும் இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான்.

"ஏதாவது சொன்னியா?" என்று கேட்டாள் சாஜிதா.

"சொல்லலைங்க. 'உள்ள என்னங்கண்ணா நடக்குது'ன்னு கேட்டுச்சு. மெசினு தண்ணி குடிக்குதுன்னு சொல்லிப்போட்டேன்."

திரையில் அளவுகோல் வந்தது. ஒன்பதேமுக்காலும் பத்தும் நடுவில் சுவரோடு நின்றன. குழந்தை வந்தது: ஆறு, ஒன்பதேமுக்கால். அம்மா வந்தாள்: ஆறு, எட்டு. கடைசியாகத் தண்டபாணி. கோடு தரையோடு தரையாக ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்பது தாண்டியது. சட்டென்று ஓர் ஊசி எழுந்து இறங்கியது. இறங்கிய சுவட்டில், ஒட்டாமல், இன்னோர் ஊசி எழுந்தது.

ஒன்பதேமுக்கால். பத்து.

"போர்வையை உருவிப்போட்டாங்க மேடம்," என்றான் வெள்ளியங்கிரி.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

*

வெள்ளை வேட்டி சலசலக்க அரங்கசாமி உள்ளே வந்தார். சாயங்காலக் கூட்டத்தில் காட்ட, முத்திரை வைத்த ரிப்போர்ட் காப்பி ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. கூட மூன்று பங்காளிகள். தண்டபாணி வேனிலிருந்து இறங்கவே இல்லை. எதிரில் நின்ற பியட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"டாக்டரே, காப்பி ரெடிங்களா? நேரமாச்சுங்க." அதே பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகுதான் சாஜிதாவைப் பார்த்தார். "நீங்க யாருங்கம்மா?"

"சாஜிதா பேகமுங்க. உங்க மருமக எங்கிட்ட வந்துச்சு."

"அவ எம் மருமக இல்லீங்க."

"அதைப் பேசத்தான் இருக்கேனுங்க. ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு டெஸ்ட்டுக்கு மூணு பேரு வந்தாப் போதும். நீங்க எதுக்குங்க ஒரு வேன் ஆளைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"சாட்சி வேணுமில்லீங்க? நாளைக்கு நான் அநியாயம் பண்ணிப்போட்டேன்னு யாரும் சொல்லீரக் கூடாது பாருங்க."

"அந்த மூணு பேரு மட்டும் வந்திருந்தா மூணு டம்ளரோட போயிருக்கும்," என்றாள் சாஜிதா. "மூணு டம்ளர் உப்புத் தண்ணிக்கு அந்த மெஷின் அசைஞ்சே இருக்காது. ஒரு வேன் ஆளு வந்ததாலதானுங்க பாதிக் கேன் போச்சு."

அவருக்குப் புரியவில்லை. சாஜிதா சொல்லச் சொல்லப் புரிந்தது. துப்பிய தண்ணீர், மோந்த தண்ணீர், ரொப்பிய தண்ணீர், பரந்துபோன மலை என்று எதையும் அவள் விடவில்லை. டாக்டர் மயில்சாமி புதிய வரைபடத்தைக் கொண்டுவந்து இரண்டு ஊசிகளையும் அவரிடம் காட்டினார்.

"உங்க மகன்தானுங்க அப்பா. ஆறு இடமும் ஒத்துப் போகுது. போன ரிப்போர்ட் தப்பு. தப்புன்னு அப்பவே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. சொல்லத் தைரியம் இல்லாமப் போச்சு. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேனுங்க."

பங்காளிகள் மூவரும் சுவரில் இருந்த காலண்டரில் ஏதோ முக்கியமான விஷயத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். அரங்கசாமி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறி, பிறகு அப்படியே வடிந்தது. தோளில் கிடந்த துண்டு எப்போது கைக்கு வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பாப்பாயி வந்தாள். கையில் ஒரே ஒரு டம்ளர். "நல்ல தண்ணி இன்னும் வரலைங்க," என்றாள் தரையைப் பார்த்து. "போர் தண்ணிதான் இருக்குது. வந்தவங்களைச் சும்மா உக்கார வைக்கக் கூடாதுன்னு எடுத்துட்டு வந்தேனுங்க."

அரங்கசாமி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு வாய் குடித்தார். பிறகு கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் காலி டம்ளரை அவளிடமே நீட்டினார்.

எழுந்து வெளியே நடந்தார். பியட்டின் பக்கம் போய், திறந்திருந்த கண்ணாடி அருகில் நின்றார். ஊருக்கே தீர்ப்புச் சொல்லிப் பழகியவர் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

பிரியாதான் முதலில் பேசினாள். உட்கார்ந்தபடியே சேலையைச் சரிசெய்துகொண்டு, வழக்கம்போல் மரியாதையாக, "வாங்க மாமா. தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

அவர் தலை குனிந்தது. "அம்மணி... தப்பு பண்ணிப்போட்டேன் கண்ணு. ஊட்டுக்கு வா. இப்பவே போலாம்."

பிரியா வேனைப் பார்த்தாள். தண்டபாணி முகத்தை மறுபக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தான். கழுத்து மட்டும் தெரிந்தது.

"நான் வரலைங்க மாமா."

"சாயங்காலம் எல்லாரும் வந்துருவாங்களே கண்ணு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"வர்றவங்களுக்கு மொதல்ல தண்ணி குடுங்க மாமா. நல்ல தண்ணியாப் பாத்துக் குடுங்க." அவள் குரல் அப்போதுதான் நடுங்கியது. "குடிச்சு முடிச்சதும், வேன்ல வந்தவங்க ஒருத்தர் விடாம நிக்க வெச்சு, உள்ள டாக்டரு என்ன சொன்னாரோ அதைச் சொல்லுங்க. சொன்னதுக்கப்புறம் அவரு ஒத்தையில வெள்ளகோவிலுக்கு வரட்டும். அவரு வாயால கூப்புடட்டும். வாரேனா இல்லையான்னு அப்பச் சொல்றேனுங்க."

அரங்கசாமி துண்டால் முகத்தைத் துடைத்தபடி அப்படியே நின்றார்.

வெள்ளியங்கிரி சாவியைத் திருகினான். சாஜிதா முன் கதவைத் திறந்தவள், மூடிவிட்டுப் பின் சீட்டில் பிரியாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கார் அவிநாசி ரோட்டில் ஏறியது.

"அன்னைக்கு உன்னைப் பார்த்து மொதல் கேள்வியா அதைக் கேட்டுட்டேன்," என்றாள் சாஜிதா. "எனக்கு வெக்கமா இருக்குது பிரியா."

பிரியா குழந்தையைத் தூக்கி சாஜிதாவின் மடியில் கிடத்தினாள். குழந்தை விழித்துக்கொண்டது. வெளிறிய பச்சை நிறத்துப் பூனைக்கண்களால் புது முகத்தை இமைக்காமல் பார்த்தது. முதலில் கண்ணைத் தாழ்த்தியது சாஜிதாதான்.